பின்விளக்கில் எல்.இ.டி. போடலாமா?



சென்ற இதழில் ஹெல்மெட் பற்றி நாம் எழுதியதைப் படித்துவிட்டு இளைஞர்கள் சிலர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார்கள். வண்டியின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கிலும் பிரேக் விளக்கிலும் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடலாமா, அது நல்லதுதானா என்று கேட்டார்கள். மீன் வண்டி வைத்திருக்கும் சகோதரர்கள் இருவரும் இதையே கேட்டார்கள். 'போடலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியவில்லை. வண்டியைப் பொறுத்தும், வாங்குகிற பொருளைப் பொறுத்தும் பதில் மாறுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நமது மாவட்டத்தின் கடற்கரைச் சாலையை அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. ஊருக்குள் விளக்குக் கம்பம் உண்டு. ஊரைத் தாண்டினால் இருட்டுதான். அந்த இருட்டில் மீன் ஏற்றிய வண்டிகள் பறக்கின்றன, வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் ஊர்கின்றன, ரமளானில் தராவீஹ் முடிந்து திரும்பும் பிள்ளைகளின் பைக்குகளும் போகின்றன. முன்விளக்கு எரியாவிட்டால் அடுத்த நிமிடமே நமக்குத் தெரிந்துவிடும். பின்விளக்கு அப்படியல்ல. அது அணைந்து ஆறு மாதம் ஆனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது; பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் சில சமயம் காலம் கடந்து.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை பின்னாலிருந்து மோதிய விபத்துகள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. எல்லாவற்றுக்கும் விளக்கு காரணம் என்று நாம் சொல்லவில்லை. தூக்கம், வேகம், செல்போன் எல்லாம் உண்டு. ஆனால் முன்னால் ஒரு வண்டி இருக்கிறது, அது நிற்கப் போகிறது என்ற இரண்டு செய்தியையும் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

பெரும்பாலான பழைய பைக்குகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே பல்புதான் செய்கிறது. 12 வோல்ட், 21/5 வாட் என்று அதன் அடியில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவு முழுக்க மெல்லிய சிவப்பாக எரியும். பிரேக் பிடித்தால் 21 வாட் இழை சேர்ந்துகொள்ளும். பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதையும் மீறி அழுத்தித் திருகி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது 21 வாட் இழை எப்போதும் எரியும். பிரேக் பிடித்தாலும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இழை பல்பின் குறை என்னவென்றால், அது சூடேறித்தான் ஒளி தர வேண்டும். சுவிட்ச் போட்டதும் இழை சிவந்து, பிறகு வெளுத்து, முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். வீட்டில் இதை நாம் கவனிப்பதே இல்லை. எல்.இ.டி.யில் சூடேற வேண்டிய இழை கிடையாது; மின்சாரம் போன கணமே முழு வெளிச்சம் வந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். எல்.இ.டி. பிரேக் விளக்கைப் பார்த்தபோது, இழை பல்பைப் பார்த்தபோது இருந்ததைவிடச் சுமார் 0.17 நொடி முன்னதாகவே செயல்பட்டார்கள்.

அந்தச் சின்ன நேரத்துக்கு என்ன மதிப்பு? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 0.17 நொடியில் ஏறத்தாழ 2.8 மீட்டர் ஓடிவிடும். ஒரு பைக்கின் நீளத்தைவிட அது அதிகம். 100 கி.மீ. வேகத்தில் 4.7 மீட்டர். ஒட்டிக்கொண்டு வருகிறவரை இதுவும் காப்பாற்றாது. ஆனால் நடுத்தர இடைவெளியில் வருகிறவருக்கு, மோதுவதற்கும் உரசாமல் நிற்பதற்கும் உள்ள தூரம் பல சமயம் இவ்வளவுதான்.

புதிய விளக்கு வந்தால் விபத்தே ஒழிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காரின் பின்கண்ணாடி ஓரத்தில் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு இருக்கிறதே, அதன் கதையைப் பாருங்கள். 1974-இல் சான்பிரான்சிஸ்கோ நகர டாக்சிகளில் அதை வைத்துப் பார்த்தபோது பின்மோதல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அங்கே 1986 மாடல் கார்கள் முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். எல்லாக் கார்களிலும் அது வந்து, எல்லோர் கண்ணுக்கும் பழகிய பிறகு கணக்கெடுத்தால் பயன் 4.3 சதவீதத்தில் வந்து நின்றது. கோடிக்கணக்கான வண்டிகள் ஓடும் நாட்டில் அதுவும் பெரிய பயன்தான். ஆனால் விற்கிறவர் சொல்லும் அளவுக்கு இல்லை.

எல்.இ.டி.யில் நமக்கு இன்னொரு பெரிய லாபம் மின்சாரச் செலவில் இருக்கிறது. 21 வாட் இழை பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே வேலைக்கு எல்.இ.டி.க்கு இரண்டு, மூன்று வாட் போதும். சாலையோரம் நின்று நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிடும் ஆம்புலன்ஸை எண்ணிப் பாருங்கள். பழைய பல்பானால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் 84 வாட், எல்.இ.டி.யானால் பத்துப் பன்னிரண்டு வாட். இரவில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் படுக்கும் டிரைவர்கள், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் பின்விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இருட்டில் நிற்கும் லாரியின் மீது பைக் போய் மோதுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். எல்.இ.டி. பின்விளக்கு விடிய விடிய எரிந்தாலும் பேட்டரிக்கு அது பெரிய சுமையல்ல. லாரியும் மினி வேனும் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இந்த ஒன்றுக்காகவே மாற்றலாம் என்பது நமது கருத்து.

கடலோரத்தில் வசிக்கும் நமக்கு மூன்றாவது காரணமும் உண்டு. அது உப்பு. உப்புக் காற்று ஹோல்டரின் தகட்டையும் சுருளையும் தின்றுவிடுகிறது. மீன் வண்டியில் உருகிய ஐஸ் தண்ணீர் பின்கதவு வழியாக விளக்கின் மேலேயே வழிகிறது. பல்பு நல்லபடி இருக்கும், ஆனால் எரியாது. எர்த் கம்பி அரித்துப்போனால் இன்னும் வேடிக்கை. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு சேர்ந்து மினுக்கும். திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து இழை வழியாகப் போவதால் வரும் கோளாறு இது. 'பல்பு போச்சு' என்று மாதம் ஒரு பல்பு வாங்குகிறவர்கள் முதலில் எர்த் கம்பியைப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

மீன் வண்டிகளுக்கு மூடி முத்திரையிட்ட எல்.இ.டி. விளக்குகள் கிடைக்கின்றன. உள்ளே ஹோல்டரும் கிடையாது, கழற்றும் பல்பும் கிடையாது. அதில் ஐ.பி.67 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தூசு புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது என்பது அதன் பொருள். தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வண்டிக்கு இது ஏற்றது. கெட்டுப்போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவு உண்டு. பெட்டியின் மேல் 50,000 மணி நேரம் உழைக்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒளி தரும் சில்லு அவ்வளவு காலம் உழைக்கலாம். அதன் பக்கத்தில் உள்ள மின்சுற்று அதற்கு முன்பே போய்விடும்.

இனி, இளைஞர்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறோம். அவர்கள் கேட்டது முழு விளக்கை மாற்றுவதைப் பற்றி அல்ல. பழைய ஹோல்டரில் அப்படியே மாட்டும் எல்.இ.டி. பல்பைப் பற்றி. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

முதலில் நிறம். பின்விளக்கின் மூடி சிவப்பு; உள்ளே வெள்ளை இழை பல்பு இருந்தாலும் வெளியே நல்ல சிவப்பாகத் தெரிகிறது. காரணம், இழையின் ஒளியில் சிவப்பு ஏராளமாக இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. அப்படியல்ல. அது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்கியது. அதில் சிவப்பு குறைவு. பார்வைக்குக் கண் கூசும் வெள்ளை, சிவப்பு மூடிக்குப் பின்னால் வைத்தால் சோர்ந்துபோகும். ஆகவே சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்.இ.டி.தான் போட வேண்டும். எல்.இ.டி. வகைகளில் சிவப்புதான் மூத்தது. நிக் ஹோலோன்யாக் என்ற அமெரிக்கர் 1962-இலேயே அதைச் செய்துவிட்டார். வெள்ளைக்கு அடிப்படையான நீலம் கைகூட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, சிவப்பையே வாங்கிப் போடலாம் என்றால் அடுத்த சிக்கல் நம்பர் பிளேட். பல பைக்குகளில் பின்விளக்கின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளை ஜன்னல் இருக்கும். அதே பல்பின் வெளிச்சம் அதன் வழியாக நம்பர் பிளேட்டின் மேல் விழும். சிவப்பு எல்.இ.டி. போட்டால் பிளேட்டும் சிவந்துவிடும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105-ஆவது விதி என்ன சொல்கிறது என்றால், பின்விளக்கு தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும், அதை 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். ஒரே பல்பு உள்ள வண்டியில் இரண்டையும் நிறைவேற்ற இழை பல்பே போதுமானது. மாட்டும் எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் ஒன்றில் தவறிவிடும்.

மூன்றாவது சிக்கலைத்தான் நாம் பெரிதாக நினைக்கிறோம். பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தவுடன் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கூட்டில் இருந்தால் பிரேக் விளக்கு குறைந்தது ஐந்து மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதிமுறை சொல்கிறது. பழைய 21/5 பல்பு இதை அனாயாசமாகச் செய்கிறது. வாட் கணக்கில் நான்கு மடங்குதான் என்றாலும், ஒளியில் 5 வாட் இழை 35 லூமன், 21 வாட் இழை 440 லூமன், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். மலிவான எல்.இ.டி. பல்பில் அதே சில்லுகளைக் கொஞ்சம் மங்கலாக எரியவிட்டுப் பின்விளக்கு என்கிறார்கள். இரவில் பின்னால் வருகிறவருக்கு அது எப்போதும் பளிச்சென்றே தெரியும். பிரேக் பிடித்தாலும் மாற்றம் கண்ணில் படாது. 0.17 நொடி லாபம் பார்க்கப் போய், பிரேக் பிடித்த செய்தியே போய்ச் சேராமல் போகிறது.

ஒளி விழும் திசையும் ஒரு பிரச்சினைதான். இழை பல்பு நாலாபக்கமும் ஒளி தரும். அதைப் பிடித்துப் பின்னால் பரப்பும்படி உள்ளே குழிந்த வெள்ளித் தகடு அமைத்திருக்கிறார்கள். எல்.இ.டி. நேர் எதிரே மட்டும் ஒளியைக் கொட்டும். நேர் பின்னால் நின்று பார்த்தால் 'ஆஹா' என்றிருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் போனால் இருண்டுவிடும். வளைவில் திரும்பும் வண்டியை நாம் பார்ப்பது பக்கவாட்டிலிருந்துதான்.

சில பழைய வண்டிகளில் பின்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல் எஞ்சினில் உள்ள காயிலிலிருந்து வருகிறது. அதில் எல்.இ.டி. போட்டால் எஞ்சின் வேகம் குறையும்போது படபடவென்று அடிக்கும். இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டால் பழைய பிளாஷர் ஒன்று அவசரமாக அடிக்கும், அல்லது மினுக்கவே மினுக்காது. எலக்ட்ரானிக் பிளாஷர் மாற்ற வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் மின்சாரம் குறைவாகப் போவதைப் பார்த்துப் பல்பு போய்விட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் போட்டுத் தருவார்கள். அது நன்றாகச் சூடேறும். மிச்சப்பட்ட மின்சாரம் அதில் வெந்து போகும்.

ஆகவே நமது ஆலோசனை இதுதான். வண்டி எல்.இ.டி. பின்விளக்கோடு வந்திருந்தால் அதைத் தொட வேண்டாம். பழைய வண்டியாக இருந்து, அந்த மாடலுக்கே கம்பெனி செய்த முழு எல்.இ.டி. விளக்கு கிடைத்தால் தாராளமாக மாற்றுங்கள். அது கூடு, கண்ணாடி, நம்பர் பிளேட் வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் செய்தது. அப்படிக் கிடைக்காவிட்டால், சுத்தமான ஹோல்டரில் நல்ல 21/5 இழை பல்பு போதும். சில பத்து ரூபாய் விஷயம். சீட்டுக்கு அடியில் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

விளக்கு என்ற பெயரில் இன்னும் சிலவற்றைப் போடுகிறார்கள். நீலம், பச்சை, ஊதா என்று பின்னால் ஓடும் பட்டைகள்; சிவப்பு மூடியின் மேல் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர்; பிரேக் பிடிக்காமலே துடித்துக்கொண்டிருக்கும் விளக்கு. சபுரில் இருக்கும் தகப்பன் அனுப்பும் காசு இதில் போவதைப் பார்க்கிறோம். முன்பக்கம் சிவப்பு விளக்கும், பின்பக்கம் சிவப்பு அல்லாத விளக்கும் காட்டக் கூடாது என்பது மேற்சொன்ன விதிகளின் 108-ஆவது விதி. இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய விளக்கில் எந்த எல்.இ.டி. போட்டும் பயனில்லை. தாய்மார்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை ஒரு தடவை மஃரிபுக்குப் பிறகு பின்னால் நின்று பார்த்துவிடுவது நல்லது. இதற்கு மெக்கானிக் அறிவு தேவையில்லை.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போது விளக்கு வயர் அறுந்துபோகிறது. பிறகு யாரும் இணைப்பதில்லை. விளக்கு இருந்தாலும் வைக்கோல் தொங்கி அதை மறைத்துவிடுகிறது. மூடி முத்திரையிட்ட சிறிய எல்.இ.டி. விளக்கு இரண்டை, பாரத்தால் மறையாத இடத்தில், கழற்றி மாட்டும் பிளக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சிவப்பு ரிப்ளக்டர் பட்டையும் ஒட்டுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், வயரும் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சமே அதை ஒளிரச் செய்யும். பள்ளிக்குச் சைக்கிளில் போய்வரும் பிள்ளைகளின் மட்கார்டிலும் ஒரு துண்டு ஒட்டிவிடலாம்.

பின்விளக்கைச் சோதிக்க ஆள் துணைகூட வேண்டியதில்லை. இருட்டியதும் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். விளக்கைப் போட்டால் சுவரில் மெல்லிய சிவப்பு விழ வேண்டும். முதலில் கைப் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், பிறகு கால் பிரேக்கை மட்டும். இரண்டிலும் சுவர் பளிச்சென்று மாற வேண்டும். கால் பிரேக்கில் எரிந்து கைப் பிரேக்கில் எரியாத வண்டிகள் நிறைய இருக்கின்றன. அது பல்பின் கோளாறு அல்ல, சுவிட்சின் கோளாறு. பிரேக்கை விட்ட பிறகும் எரிந்துகொண்டிருந்தால் சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்.இ.டி. போட்ட வண்டியானால் இருபது, முப்பது அடி பின்னால் போய், இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று பார்க்கவும் வேண்டும். இதற்கு மட்டும் வீட்டில் ஒருவரைப் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலக வாசலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருப்பார். பைக், ஆட்டோ, மினி வேன், டிராக்டர் எதுவானாலும் கொண்டுவரலாம். விளக்கைப் பார்ப்பதற்கும் எர்த் கம்பியைச் சரிசெய்வதற்கும் கூலி இல்லை. பல்பு, வயர், சுவிட்ச் தேவைப்பட்டால் அதன் விலையை மட்டும் கொடுத்தால் போதும். ரிப்ளக்டர் பட்டை டிரஸ்ட் செலவில் ஒட்டித் தரப்படும். ஊர் பேதமோ சமய பேதமோ இல்லை. அக்கம்பக்கத்துச் சகோதரர்களையும் அழைத்து வாருங்கள். மஃரிப் பாங்கு வரை பார்ப்போம். மீதி வண்டிகளை மஃரிப் தொழுகைக்குப் பிறகு சுவர் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.